எண்ணிக்கையில் வராத ஆள்

ஜனவரி 4, சனி

போதும். பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி இந்த நோட்டிலாவது உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மலையேற்றக் குழுவை ஆரம்பித்த நான்கு பேரில் நான் ஒருவன். மற்ற மூவரும் மூட்டுவலி, பேரப்பிள்ளை, அமெரிக்கா என்று கழன்றுகொண்டார்கள். இப்போது தலைவன் நிரஞ்சன். முப்பத்தாறு வயது. கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்து கொடுப்பது தொழில். மலையையும் மண்டபமாகத்தான் பார்க்கிறான். உச்சிக்குப் போனவுடன் பேனரை விரித்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் குதிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறான். ஐம்பது வயதுக்காரர்கள் தொந்தி குலுங்கக் குதிக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் முதலில் நடப்பவர் 'தலை'. கடைசியில் நடப்பவர் 'வால்'. வாலுக்கு ஒரே விதி: அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான். ஐந்து வருடமாக என்னையே வாலாக்கி வைத்திருக்கிறான் நிரஞ்சன். "சார் மாதிரி பொறுப்பான ஆள் பின்னாடி இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்பான். முன்னால் வராதே என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 9, வியாழன்

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இருபத்தாறு வருடம். போன ஜூனில் துறைத்தலைவர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும். தாமரைக்கண்ணனுக்குப் போனது. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். என்னிடமே படித்தவன். ஜூன் வரைக்கும் 'நீ, வா, போ'. இப்போது 'நீங்க'.

இன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார்.

"சார், இந்தத் தடவை என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க சார். வீட்ல ஜெயசுதா தினமும் என் வயித்தப் பாத்துச் சிரிக்கிறா."

"கஷ்டமா இருக்குமே."

"நீங்க இருக்கீங்கள்ல சார்."

சொல்லும்போதே தயிர்சோறு ஒரு பருக்கை உதட்டோரம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதோடுதான் அடுத்த வகுப்புக்குப் போனார்.

சரி என்று சொல்லிவிட்டேன். கேட்டுவிட்ட ஆளிடம் மாட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்புச் சக்கையில் ஈ. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி காலை ஐந்திலிருந்து.

தாமரைக்கண்ணன் போன் செய்தார். வாழ்த்து சொல்லிவிட்டு, "எந்த மாதிரி ஷூ சார் வாங்கணும்?" என்றார்.

"நல்லதா, புதுசா வாங்கிக்கோங்க."

"எப்ப வாங்கட்டும்?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள் வாங்கினாக்கூடப் போதும்."

வாங்கிவிடுவார். நான் சொன்னால் செய்வார். கல்லூரியில் படிக்கும்போதும் அப்படித்தான்.

ஜனவரி 20, திங்கள்

நிரஞ்சனிடம் பேசினேன். இந்த மாதம் ஏறப்போகும் கழுகுமொட்டை மலைக்கு அனுமதி பதினாலு பேருக்கு. பெயர்ப் பட்டியல் வனத்துறையின் ரேஞ்ச் ஆபீசுக்குப் போய்விட்டது. பதினைந்தாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்வான், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவனா சொல்லுவான்?

"உங்க எச்.ஓ.டி.யா சார்? கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலேஜ் பசங்கள ஒரு ட்ரிப்புக்கு அனுப்புவார்ல. செக்போஸ்ட்ல எண்ணும்போது அவரு வாயத் தொறக்கக் கூடாது, அவ்ளோதான்."

"ஒரு ஆள் அதிகமா நிக்கிறது தெரியுமேப்பா."

"தவசி பக்கத்துல நிப்பாட்டிருவோம். வழிகாட்டி ஒரு ஒத்தாசைக்கு ஆள் வச்சுக்கலாம். அதுக்குப் பேரு கேக்க மாட்டாங்க."

தவசி அந்த மலைக்குடியிருப்பு ஆள். வனத்துறை அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி. எட்டுத் தடவை எங்களோடு வந்திருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். "அவன் என்ன சொல்லப்போறான்" என்றான் நிரஞ்சன்.

ஜனவரி 24, வெள்ளி

மூட்டை கட்டியாயிற்று. ஒன்பது மணிக்கு வேன். பாட்டு போடுவார்கள். காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 25, சனி

எழுத முடியவில்லை. விரல் விறைத்துவிட்டது. ஒரு ஆள் வந்து சேரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலை எட்டேகால். கிடைத்துவிட்டார். உயிர் இருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. நடந்ததை வரிசையாக எழுதிவைப்பது நல்லது. நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு செக்போஸ்ட். பனி. வனத்துறை வாட்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து "எண்ணுங்க" என்றார். தலை ஒன்று என்று தொடங்கி, ஆளாளுக்குத் தங்கள் எண்ணைச் சொல்லி, வால் பதினாலு என்று நான் முடித்தேன். தாமரைக்கண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தவசியின் அரிசிச் சாக்கைத் தோளில் வைத்து ஓரமாக நின்றார். முனைவர் பட்டம் வாங்கிய ஆள். நிரஞ்சனின் கூட்டாளிகள் "ஏய், சாக்க நேராப் பிடிப்பா" என்று மிரட்டினார்கள். அவரும் "சரிங்க மொதலாளி" என்று பணிந்து சிரித்தார். இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா?

தவசி மட்டும் சிரிக்கவில்லை. "யாரு சார் இவுக? எம்பேர்ல எதுக்கு ஏத்துறீக?" என்று நிரஞ்சனிடம் கேட்டான். "சும்மா கேட்டத் தாண்டுற வரைக்கும்ப்பா" என்றான் இவன்.

கேட்டைத் தாண்டினோம். தாமரைக்கண்ணனுக்கு எண் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஏற்றத்திலேயே புது ஷூ கடித்து அவர் குதிகால் உரிந்துவிட்டது. ஷூவைக் கழற்றினார், காலுறையில் ரத்தம். கொப்புளம் உடைந்த நீரோடு சேர்ந்து தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். நானும் அவரும்தான். நூறு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மூன்று எவர்சில்வர் டப்பா: புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அதிரசம். "எல்லாருக்கும் சார். ஜெயசுதா நாலு மணிக்கு எந்திரிச்சுச் செஞ்சா." மூச்சு வாங்குகிறது, வியர்வை வழிகிறது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. புல்லுக்கு ஒரு 'அடடா', பாறைக்கு ஒரு 'அடடா'.

மூன்று மணி சுமாருக்குப் புல்மேடு முடிந்து சோலைக்காடு ஆரம்பிக்கும் இடம் வந்தது. வயிறு சரியில்லை, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்றார். ஓடைப் பக்கமாக இறங்கினார். நான் அங்கேயே காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். விசிலும் அடித்தேன். பதில் இல்லை. வேறு வழியாக ஏறி முன்னால் போயிருப்பார் என்று நினைத்துத் தங்குமிடத்துக்கு நடந்தேன்.

தங்குமிடத்தில் எண்ணினோம். பதினாலு வந்தது. "எல்லாரும் வந்தாச்சு" என்று நிரஞ்சன் கைதட்டினான். டீ குடித்தோம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தவசிதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "அந்தச் சாக்குத் தூக்குன வாத்தியாரு எங்க?" என்று கேட்டான்.

இருட்டுகிற வரை தேடினோம். பிறகு எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தவசி உட்காரவில்லை. காலையில் ஓடைக்குக் கீழே பாறை இடுக்கில் அவரைக் கண்டுபிடித்து, முதுகில் சுமந்து ஏற்றினான். கணுக்கால் உடைந்து பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம். தவசி தன் சட்டையையும் கழற்றி அவருக்குப் போட்டிருந்தான்.

நிரஞ்சன் தவசியிடம் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கும் சொல்லலையே?"

ஜனவரி 30, வியாழன்

மருத்துவமனையிலிருந்து செய்தி ரேஞ்ச் ஆபீசுக்குப் போய்விட்டது. அனுமதி இல்லாத ஆள் எப்படிக் காட்டுக்குள் வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். நிரஞ்சன் வீட்டில் கூட்டம். சமோசா வைத்திருந்தான்.

அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. 'எங்கள் குழுவினர் பதினாலு பேரும் பத்திரமாகத் திரும்பினர். பதினைந்தாவது நபர் வழிகாட்டி தவசி தன் உதவியாளாக அழைத்து வந்தவர். அவருடைய பாதுகாப்பு வழிகாட்டியின் பொறுப்பு.'

"கண்ணன் சார் ஒத்துக்குவாரா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவரு வேசம் போட்டுக் காட்டுக்குள்ள நுழைஞ்சிருக்காரு. கேஸாகும், வேலைக்கும் சிக்கல். ஒண்ணும் ஞாபகமில்லன்னு சொல்லிக்கிறேன்னுட்டாரு. பேசிட்டேன்."

"தவசி?"

"ஒரு மாசம் அட்டைய வாங்கி வச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. அவனுக்கு வேற வேலையா இல்ல?"

மற்ற பதின்மூன்று பேரும் சமோசா எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். என்ன ஜென்மங்கள்! மலையேறினால் மனம் விரியும் என்று ஆண்டுமலரில் எழுதுகிற கூட்டம் இது.

நானும் போட்டேன். ஒருவன் மட்டும் போடாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

பிப்ரவரி 3, திங்கள்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். தாமரைக்கண்ணன் திரும்பி வரும்வரை துறைப் பொறுப்பு என்னிடம். "அவரே ஆஸ்பத்திரியிலிருந்து உங்க பேரத்தான் சொன்னார்" என்றார்.

துறைத்தலைவர் அறையில் ஜன்னல் பக்கம் வெயில் நன்றாக வருகிறது. நாற்காலி சுழல்கிறது. மேசை இழுப்பறையில் பாதி தின்ற கடலைமிட்டாய், எறும்பு மொய்த்துக் கிடந்தது. தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 8, சனி

தாமரைக்கண்ணன் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நாள் போகாதது மற்றவர்கள் கண்ணை உறுத்தும் என்பதால் போனேன். காலில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நடக்க நாலு மாதம் ஆகும். ஓட முடியாது, மாடிப்படி சிரமம்தான் என்று டாக்டர் சொன்னாராம். அறை முழுக்க டெட்டால் வாடை.

ஜெயசுதா காபி கொடுத்தார். "நீங்க கூட இருக்கீங்கன்னுதாண்ணே தைரியமா அனுப்பிச்சேன்." அதில் குத்தல் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் காபி இறங்கியிருக்கும்.

அவர் உள்ளே போனதும் தாமரைக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், ஒண்ணு மனச அரிக்குது. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். 'நான் விசில் அடிக்கிறேன், சத்தம் வர்ற பக்கமா ஏறி வாங்க'ன்னீங்க. விசில் கேட்டுச்சு. அந்தப் பக்கமாத்தான் போனேன். போகப் போகக் கீழ எறங்குது. மறுபடி கேக்குது. பாசியில வழுக்கி விட்டுருச்சு."

"சரி, விடுங்க."

"காலைல தவசிகிட்டச் சொன்னேன். அது விசில் இல்ல, ஓடைக்கரையில சீட்டியடிக்கிற குருவின்னாரு. மனுசன் மாதிரியே அடிக்குமாம். எனக்கு வித்தியாசம் தெரியல சார். நீங்க மேல நின்னு அடிச்சு அடிச்சுத் தொண்டை வத்தியிருப்பீங்க. நான் முட்டாள்தனமா ஒரு குருவி பின்னாடி போயிருக்கேன். மன்னிச்சுக்கோங்க சார்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை. உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போது, "சார், நாற்காலில குஷன் ஒரு பக்கம் சரியும், மாத்திக்கோங்க" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

27ஆம் தேதி எழுதியதில் நான்கு வரி பொய்.

நான் விசில் அடிக்கவில்லை. விசில் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடமும் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். வேறு வழியாக அவர் முன்னால் போயிருப்பார் என்று நான் நினைக்கவும் இல்லை. அந்த இடத்தில் வேறு வழி கிடையாது.

ஒதுங்கப் போவதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். பாறையில் உட்கார்ந்து அதிரசத்தைப் பிட்டு எனக்கும் நீட்டியபடி, "சார், வர்ற வருஷம் உங்க வகுப்பக் குறைச்சுடறேன். லேப் வேண்டாம், அந்த ஆசிட் வாடை இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?" என்றார். அன்போடுதான் சொன்னார். திமிராகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லி முடித்திருப்பேன். அன்போடு ஒருவர் நம்மை ஓரமாக உட்காரவைக்கும்போது என்ன செய்வது?

அதிரசத்தை வாங்கித் தின்றேன். அவர் புதருக்குள் இறங்கியதும் நடக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் அலையட்டும், அழுக்கும் பயமுமாக எல்லோர் முன்னாலும் வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை எழுதும்போதே ஏதோ பெருந்தன்மை மாதிரி தெரிகிறது. சீ.

தங்குமிடத்தில் எண்ணும்போது பதின்மூன்று என்று எனக்கு முந்தைய ஆள் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். "பதினாலு" என்றேன். கணக்கு சரியாக இருந்தது. அவருக்குத்தான் எண்ணே கிடையாதே. டீ சூடாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். தவசி கேட்டிருக்காவிட்டால் மூன்றாவதும் குடித்திருப்பேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரேஞ்ச் ஆபீசில் விசாரணை. நிரஞ்சன் எங்கள் மூன்று பேரைக் கூட்டிப்போனான். வாசலில் தவசி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். அவர் மனைவி பொன்னுத்தாயி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி அறிக்கையை வாசித்துவிட்டு, "இதுல இருக்கிறது உங்க எல்லாருடைய வாக்குமூலம்தானே?" என்றார். ஆமாம் என்றார்கள். என் முறை வந்தது.

"ஆமாம்."

"தவசி, நீ என்ன சொல்ற?"

"நான் கூட்டியாரல சார். நடந்து வரும்போது நான் முன்னால இருந்தேன். பின்னால யாரு இருந்தாகன்னு அவுகளக் கேளுங்க."

"யாரு இருந்தது?"

நிரஞ்சன் முந்திக்கொண்டான். "பதினாலு பேரும் சேர்ந்துதான் சார் வந்தோம்." அதிகாரி எழுதிக்கொண்டார். அட்டையை நிரந்தரமாக ரத்து செய்தார். நிரஞ்சன் சொன்ன ஒரு மாதம் எல்லாம் இல்லை. காட்டுக்குள் ஆள் கூட்டிப்போனால் இனித் தவசி மேல் வழக்கு.

வெளியே வந்ததும் நிரஞ்சன் அவர் தோளில் கைபோட்டு ஏதோ சமாதானம் சொல்லப் போனான். பொன்னுத்தாயி எழுந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "ஏய்யா, இவரு ராவெல்லாம் தேடித் தூக்கியாந்தாரு. நீங்க எதுக்குய்யா மலைக்கு வாறீக? குதிச்சுப் படம் எடுக்கவா?" தவசி "நீ வா" என்று அவரை இழுத்துக்கொண்டார். என் பக்கத்தில் வரும்போது நின்றார்.

"சார், குருவி சத்தம் எங்கிட்டிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். விசில் சத்தமும் தெரியும். அன்னைக்கு விசிலே கேக்கல."

நான் ஆபீஸ் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்கதான் வாலாச்சே சார். வாலு என்னைக்குப் பேசியிருக்கு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஒரு மாட்டைப் பற்றிச் சொல்வது போல.

திரும்பும் வழியில் பரோட்டா கடையில் நிறுத்தினார்கள். நிரஞ்சன் சிரித்துக்கொண்டே மார்ச்சில் அடுத்த மலைக்குத் தேதி சொன்னான். பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊறவைத்துப் பிசையும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பின்பக்கம் வாந்தி எடுத்தேன். வெயில் என்றார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்றும் இன்றும் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லோர் மேலும் அருவருப்பு. பருக்கை, வியர்வை, சமோசா எண்ணெய். என்னைப் பற்றி எழுத மட்டும் பிப்ரவரி 9 வரை ஆகியிருக்கிறது.

ரேஞ்ச் ஆபீசுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பெயர் போட்டு எழுதினால் விசாரிப்பார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்னைக் கூப்பிடுவார்கள், கல்லூரிக்குத் தெரியும், பொறுப்பு போகும். மொட்டைக் கடிதமாக எழுதினால் கிழித்துக் கூடையில் போடுவார்கள். தவசியின் அட்டை திரும்பி வர ஒரு கையெழுத்து போதும், அதுவும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'இப்படிக்கு' வரை வந்து நின்றது.

எங்கள் குழுவின் முகநூல் குழுமத்தில் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். பெயர் காட்டாமல் பதிவு போடும் வசதியும் அங்கே இருக்கிறது. தேதி மாற்றாமல், நான்கு பொய் வரிகளையும் நீக்காமல், நிரஞ்சன் பெயரையும் தவசி பெயரையும் அப்படியே விட்டுவைத்து, நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து முடித்திருக்கிறேன். தாமரைக்கண்ணனும் படிப்பார். ஜெயசுதாவும் படிப்பார். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் ஆகாது. ஆனால் அதிகாரி முன்னால் நீட்ட அது ஒரு காகிதம் ஆகாது; தவசிக்கு உதவாது. உதவலாம், யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போனால். அந்த ஒருவர் நானாக இருக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

பொய் அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது, தெளிவாக, தேதியோடு. இதில் இருக்காது. நாளை திங்கள், ஒன்பதரைக்கு அந்த அறையைத் திறக்க வேண்டும். அதற்கு முன் பெயர் போடாமல் இதைப் பதிவிட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.